மூன்றரை மணி நேரம்

டிசம்பர் முப்பது. சாஸ்கட்டூனில்
மைனஸ் முப்பத்தொன்று.
சங்கத்தின் படிவம் திரையில் விழித்திருக்கிறது.
பெயர்: ஓரிஸ்யா ஹ்னாட்டியுக்.
துறை: மண் பொறியியல்.
இந்த ஆண்டு கற்றுக்கொண்டதில்
மூன்றரை மணி நேரம் குறைகிறது.

எதையெதையோ சேர்த்துப் பார்த்தேன்.
ஜூனில் ரெஜைனா மாநாடு, ஆறு மணி நேரம்
(அதில் ஒன்றரை, காபி வரிசையில்).
நெறிமுறைப் பாடம், ஒரு மணி நேரம்;
கடைசிக் கேள்விக்கு மூன்று தரம் விடையை மாற்றினேன்.
துளையிடும் வண்டிக்குப் பக்கத்தில்
டெல்பர்ட் கார்டினல் ஒரு களித்துண்டை
நகத்தால் பிளந்து,
உள்ளே கண்ணாடிபோல் மினுங்கிய பரப்பைக் காட்டி
"இது ஏற்கெனவே ஒருதரம் போயிருக்கு" என்றானே,
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
பத்து விநாடி இருக்கும்.
சான்றிதழ் எதுவும் தரவில்லை அவன்.

சரி, மிச்சத்தை நிரப்ப
பதிவுசெய்த விரிவுரை ஒன்றைத் திறந்தேன்.
அதுபாட்டுக்கு ஓடட்டும், நாம் பீட்ரூட் நறுக்கலாம்
என்பதுதான் எண்ணம்.
பேசியவருக்குச் சளி பிடித்த குரல்.
நாற்பதாம் நிமிடத்தில் ஒரு வரைபடம் வந்தது.
கத்தி நின்றது.

ஒருமுறை வழுக்கிய களிப்பாறை
பழைய பிடிப்புக்குத் திரும்பாது.
இது தெரியும். மாணவியாய்ப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.
எவ்வளவு திரும்பாது என்பதுதான் தெரியாமல் போனது.
பன்னிரண்டு பாகை என்று வைத்திருந்தேன்.
புதிய சோதனைகள் எட்டு என்கின்றன,
சில இடங்களில் ஏழரை.
எனக்கு ஏழரைதான் அன்றிரவு.

இரண்டாயிரத்துப் பதினொன்று. ஓர் ஆற்றங்கரைச் சாலை,
மேலே ஒன்பது வீடுகள்,
பள்ளிப் பேருந்து திரும்பும் வளைவு.
அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் என் முத்திரை,
நீல மையில் என் கையெழுத்து.
அன்றைய அறிவுக்கு அது நேர்மையானதுதான்.
பழைய கோப்பைத் திறந்து எட்டைப் போட்டேன்.
ஒன்றரையாய் இருந்த பாதுகாப்புக் காரணி
ஒன்றாயிற்று. வெறும் ஒன்று.
விசைப்பலகையில் பீட்ரூட் கறையோடு மறுபடி போட்டேன்.
ஒன்று.
கரை இன்னும் நிற்கிறதே என்று மனம் வாதாடியது.
நிற்பது விடையல்ல. இன்னும் கேள்வி வரவில்லை, அவ்வளவுதான்.

விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை எனலாம்.
எனக்கு மீசை இல்லை.
மண் உண்டு, சோறு போடுவதே அதுதான்.

மறுநாள் காலை எட்டு மணி.
ஊராட்சி அலுவலகத்தில் வெர்னா தீசன் எடுத்தார்,
வாயில் ஏதோ பிஸ்கட்.
"ஓர் எண்ணைத் தவறாக வைத்துவிட்டேன்" என்றேன்.
"தவறா, பழசா?"
உரிமம் வாங்கிய நாளிலிருந்து என்னை யாரும்
இவ்வளவு சுருக்கமாய்த் தேர்வு வைத்ததில்லை.
"பழசு. ஆனால் போன ஏப்ரலிலேயே தெரிந்திருக்கணும்.
கட்டுரை என் மேசையில்தான் கிடந்தது,
காபிக் கோப்பைக்கு அடியில்."
பிஸ்கட் கடிபடும் ஓசை நின்றது.
"பள்ளி அஞ்சாம் தேதிதான் திறக்கும்" என்றார்,
"பேருந்தை வேறு வழியில் விடச் சொல்றேன்.
நீங்க எப்போ வர்றீங்க?"
"ரெண்டாம் தேதி. டெல்பர்ட்டும் நானும், சாய்வுமானியோடு."
"வீட்டுக்காரங்ககிட்ட நீங்களே சொல்லணும்."
"சொல்கிறேன்."

இரவு பதினொன்றே காலுக்குப் படிவத்துக்குத் திரும்பினேன்.
விரிவுரை: ஒன்றே கால் மணி நேரம்.
பழைய கோப்பு: இரண்டு.
தொலைபேசி: ஆறு நிமிடம்.
'கற்றதை எவ்வாறு பயன்படுத்தினீர்கள்?'
இருநூறு எழுத்துக்கு மேல் அந்தக் கட்டம் ஏற்காதாம்.
'தொலைபேசியில் பேசினேன்' என்று போட்டேன்.

இன்னும் ஒன்பது நிமிடம் குறைகிறது.
நேற்று நறுக்கிய பீட்ரூட் அப்படியே சுருங்கிக் கிடக்க,
கோப்பையை நகர்த்தி
அந்தக் கட்டுரையை எடுத்தேன்.
முதல் பக்கத்தில் பழுப்பு வட்டம்.
வட்டத்துக்குள் அகப்பட்ட வரியிலிருந்து
படிக்கத் தொடங்கினேன்.